இடம் கொடுக்கும் பக்கம்

(நமுனுகுலயில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



முதன்முதலாக இணையப் பக்கம் கட்டுகிறவர்களுக்கு, அதன் அமைப்பு குலையும்போது என்ன செய்வது என்று சொல்ல என்னை அழைத்திருக்கிறீர்கள். கணினி அறைக்குள் பேச வேண்டியதை ஊர் கூடிய இடத்தில் ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் நம் பிள்ளைகள் எச்.டி.எம்.எல். எழுதக் கற்கிறார்கள். பரீட்சைத் தாளில் சரியாக எழுதும் பிள்ளை, சொந்தமாக ஒரு பக்கம் செய்து பார்க்கும்போது, படம் ஒருபுறமும் எழுத்து ஒருபுறமுமாகச் சிதறி நிற்பதைக் காண்கிறது. ‘இது நமக்கு வராது’ என்று மூடிவிடுகிறது. அங்கே நின்றுபோவது அந்தப் பிள்ளை எழுத இருந்த கதை. 2023இல் ‘மலையகம் 200’ என்று மலையகத் தமிழராகிய நம் இருநூறு வருட வாழ்வை நினைவுகூர்ந்தோம். அந்த வாழ்வின் பெரும்பகுதி இன்னும் பெரியவர்களின் நாவில்தான் இருக்கிறது. அதை எழுதி வைக்க அச்சகம் தேடி அலைய வேண்டியதில்லை. பழைய கணினி ஒன்று போதும். ஆனால் எழுதியது வாசிக்கும்படி நிற்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ‘எங்கள் தோட்டத்துக் காமன் கூத்து’ என்று ஒரு பக்கம். மேலே தலைப்பு. அதன் கீழே ரதியும் மன்மதனும் வேடம் கட்டி நிற்கும் படம். இடப்புறத்துப் பட்டியில் கதை, வேடங்கள், தப்பு வாசிப்பு, கம்பம் ஊன்றும் நாள் என்று நான்கு இணைப்புகள். வலப்புறம் கட்டுரை. அடியில், தகவல் சொன்ன பெரியவர்களுக்கு நன்றி. அவ்வளவுதான். புதிதாகத் தொடங்குகிறவர் சந்திக்கும் குலைவுகளில் பெரும்பாலானவை இந்தச் சின்னப் பக்கத்திலேயே வந்துவிடும்.

நான் உறுதியாக நம்பும் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தப் பக்கமும் காரணமின்றிக் குலையாது. பக்கத்தைத் திறந்து காட்டும் பிரவுசர் நாம் எழுதியதை வாசித்து, தன் விதிப்படி நடக்கிறது. அந்தக் காரணங்களில் பாதிக்கு மேல் ஒரே பழக்கத்திலிருந்து வருபவை: உள்ளே வரப்போகும் எழுத்தையும் பார்க்கப்போகும் திரையையும் எண்ணாமல், இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம் என்று கட்டளையிடும் பழக்கம்.

அந்தப் பழக்கம் தொடக்கத்தில் இருக்கவில்லை. டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் முதல் இணையத்தளத்தை உலகுக்குத் திறந்தார். அதை 2013இல் செர்ன் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது. கணினியில் அதைத் திறந்து ஜன்னலைக் குறுக்கிப் பாருங்கள். எவ்வளவு குறுக்கினாலும் எழுத்து மடிந்து உள்ளேயே நிற்கும். அகலம் இவ்வளவு என்று அதில் யாரும் எழுதவில்லை. ஆக, வளைந்து கொடுப்பது இணையப் பக்கத்தின் இயல்பு. ஆனால் பத்திரிகைப் பக்கத்தின் அழகு வேண்டும் என்று தொண்ணூறுகளில் அட்டவணைக் கட்டங்களுக்குள் எழுத்தை அடைத்தார்கள். இடைவெளிக்காகக் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் படங்களைச் செருகினார்கள். தோற்றத்தைத் தனியே எழுதும் வழியாக ஹோக்கன் வியூம் லீ 1994 ஒக்டோபரில் முன்வைத்த சி.எஸ்.எஸ்., 1996 டிசம்பரில் உலகளாவிய வலைச் சங்கத்தின் பரிந்துரையாயிற்று. நம் பிள்ளைகள் இன்று எழுதுவது அதன் வளர்ந்த வடிவத்தைத்தான்.

சரி, பக்கம் குலைந்துவிட்டது. என்ன செய்வது? கை தானாக எண்களை மாற்றப் போகும். 20ஐ 30 ஆக்கும், 30ஐ 25 ஆக்கும். தற்செயலாகச் சரிவந்தாலும் ஏன் சரிவந்தது என்று தெரியாது. நாளைக்கு மறுபடி குலையும். கையைக் கட்டிக்கொண்டு முதலில் பாருங்கள். குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ குலைந்த இடத்தின் மேல் வலது கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ என்பதை எடுங்கள். பக்கத்தின் உள்கட்டு முழுவதும் திறக்கும். 2006இல் ஜோ ஹியூவிட் ஃபயர்ஃபாக்ஸுக்கு ‘ஃபயர்பக்’ என்ற துணைக் கருவியைச் செய்து வெளியிட்டார். அப்படிப்பட்ட கருவி இன்று எல்லாப் பெரிய பிரவுசர்களிலும் கூடவே வருகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

அதில் எதைப் பார்ப்பது? பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பகுதியும் ஒரு பெட்டி. நடுவில் உள்ளடக்கம். அதைச் சுற்றிப் பேடிங் என்ற உள் இடைவெளி. அதற்கு வெளியே பார்டர் என்ற கரை. அதற்கும் வெளியே, அடுத்த பெட்டியைத் தள்ளி நிறுத்தும் மார்ஜின். குரோமில் சுட்டியை ஒரு பகுதியின் மேல் கொண்டுபோனால் உள்ளடக்கம் நீலமாகவும், பேடிங் பச்சையாகவும், மார்ஜின் செம்மஞ்சளாகவும் தெரியும். ‘இங்கே ஏன் இவ்வளவு வெற்றிடம்?’ என்ற கேள்விக்கு நிறமே பதில் சொல்லும். பச்சை என்றால் பேடிங்கைக் குறையுங்கள். செம்மஞ்சள் என்றால் மார்ஜினை. நீங்கள் கொடுக்காத மார்ஜினும் இருக்கும். பக்கத்தைச் சுற்றி 8 பிக்சல், பத்திகளுக்கு மேலும் கீழும் கொஞ்சம் என்று பிரவுசர் தானாகவே வைக்கும். ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் இரண்டு பத்திகளின் மார்ஜின்கள் கூட்டப்படுவதில்லை. இரண்டில் பெரியதே நிற்கும். இது தெரியாமல் கணக்குப் போட்டுக் குழம்பியவர்கள் ஏராளம்.

எந்தப் பெட்டி எங்கே முடிகிறது என்று புரியாவிட்டால், எல்லாப் பகுதிகளுக்கும் சிவப்பில் ஓர் அவுட்லைன் போடுங்கள். பார்டர் இடம் பிடிக்கும். அவுட்லைன் இடம் பிடிக்காது. அதனால் எதுவும் நகராமல் எல்லாப் பெட்டியின் எல்லையும் தெரியும். அதன்பின் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பார்த்து, பயன் இல்லையென்றால் பழையபடி ஆக்கிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். எதுவும் பிடிபடவில்லையா? கோப்பின் இன்னொரு பிரதியில் பாதிப் பகுதியை எடுத்துவிடுங்கள். குலைவு இன்னும் இருந்தால் காரணம் மிஞ்சிய பாதியில். மறைந்தால் எடுத்த பாதியில். பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போனால், நூறு வரிக்குள் ஒளிந்திருக்கும் பிழையும் ஏழாவது தடவைக்குள் அகப்படும்.

இனி நம் காமன் கூத்துப் பக்கத்துக்கு வருவோம்.

முதற் குலைவு எழுத்திலேயே வரும். தலைப்பில் தமிழுக்குப் பதிலாக ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த ஒரு குப்பை தெரியும். யூனிகோடு தமிழின் ஒவ்வொரு குறியீடும் யு.டி.எஃப்-8 முறையில் 3 பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. பிரவுசருக்கு அந்த முறையைச் சொல்லாவிட்டால் அது ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எண்ணிக் காட்டிவிடலாம். கோப்பில் ‘ஹெட்’ எனப்படும் தலைப் பகுதியின் தொடக்கத்திலேயே ‘மெட்டா சார்செட் யு.டி.எஃப்-8’ என்ற வரியை எழுதுங்கள். கோப்பையும் அதே முறையில் சேமியுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கட்டுரையை அப்படியே ஒட்டினால் இந்த வரியும் உதவாது. அது உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே இருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். கோப்பின் முதல் வரியான ‘டாக்டைப்’ அறிவிப்பையும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பிரவுசர் பழைய காலத்துப் பக்கம் என்று எண்ணிப் பழைய விதிகளுக்குப் போய்விடும்.

இரண்டாவது, பட்டிக்கு அருகே நிற்க வேண்டிய கட்டுரை கீழே விழுந்துவிடுவது. பக்கத்தின் அகலம் 960 பிக்சல். பட்டிக்கு 240, கட்டுரைக்கு 720. கூட்டினால் சரியாக 960. இரண்டையும் ‘ஃபுளோட்’ என்ற விதியால் அருகருகே நிறுத்துகிறோம். அழகுக்காக இரண்டுக்கும் இருபுறமும் 20 பிக்சல் பேடிங் கொடுத்த உடனே கட்டுரை கீழே போய்விடுகிறது. ஏன்? நாம் எழுதும் அகலம் உள்ளடக்கத்துக்கு மட்டும் உரியது. பேடிங் அதற்கு மேல் சேரும். பட்டி 280 ஆகிறது, கட்டுரை 760 ஆகிறது, மொத்தம் 1040. 80 பிக்சலுக்கு இடமில்லை. ‘பாக்ஸ்-சைஸிங்’ என்பதற்கு ‘பார்டர்-பாக்ஸ்’ என்று எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே வரியில் கொடுத்தால், நாம் சொன்ன அகலத்துக்குள்ளேயே பேடிங்கும் பார்டரும் அடங்கும். மைக்ரோசொஃப்டின் பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 அப்படித்தான் கணக்கிட்டது. உலகளாவிய வலைச் சங்கத்தின் விதிக்கு முரண் என்று அன்று அது குறைகூறப்பட்டது. அதே கணக்கைத்தான் இன்று பெரும்பாலோர் தாமே விரும்பித் தெரிவுசெய்கிறார்கள்.

இன்னும் நல்ல வழியும் இருக்கிறது. இரண்டு பகுதிகளையும் ஒரு வெளிப்பெட்டிக்குள் வைத்து, அதை ‘ஃபிளெக்ஸ்’ ஆக்குங்கள். பட்டிக்கு ஓர் அகலம் சொல்லிவிட்டு, மீதி இடம் முழுவதும் கட்டுரைக்கு என்று எழுதுங்கள். 720 என்ற எண்ணே தேவையில்லை. வரிசையும் நிரலும் சேர்ந்த கட்டமைப்பு வேண்டுமானால் ‘கிரிட்’ இருக்கிறது. 2017இலிருந்து பெரிய பிரவுசர்கள் அதை ஏற்கின்றன. ஃபுளோட் என்பது படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதற்கு. பக்கம் முழுவதையும் அதன் தலையில் ஏற்ற வேண்டிய காலம் முடிந்துவிட்டது.

மூன்றாவது, படம். போனில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலம் வரை இருக்கும். அப்படியே போட்டால் ரதியின் முகம் மட்டும் திரையில் நிற்க, மன்மதன் வெளியே போய்விடுவான். படங்களுக்கு ‘மேக்ஸ்-விட்த்’ 100 சதவீதம், ‘ஹைட்’ ‘ஆட்டோ’ என்று எழுதுங்கள். கிடைக்கும் இடத்துக்கு மேல் படம் விரியாது. முகமும் நீண்டு கோணாது. ஏற்றுவதற்கு முன் படத்தையே சிறிதாக்குங்கள். வாசிப்பவரின் டேட்டா அவர் உழைத்த பணம். படத்தின் அகல உயரத்தை அதன் டேக்கிலும் எழுதி வையுங்கள். இந்த மலைப்பக்கம் சிக்னல் மெலியும் இடங்களில் எழுத்து முந்தி வரும், படம் பிந்தி வரும். அளவு தெரிந்தால் பிரவுசர் படத்துக்கு இடத்தை ஒதுக்கி வைக்கும்; வாசித்துக்கொண்டிருந்த வரி திடீரென்று கீழே குதிக்காது.

நான்காவது குலைவில்தான் நான் கூடுதலாக நிற்க விரும்புகிறேன். கட்டுரைப் பெட்டிக்கு உயரம் 300 பிக்சல் என்று எழுதிவிடுகிறோம். நாலு வரி இருக்கும்வரை அழகாக இருக்கும். காமனை எரிக்கும் கடைசி இரவைப் பற்றித் தாத்தா சொன்னதைச் சேர்த்ததும் எழுத்து பெட்டியை மீறி, அடியிலுள்ள நன்றியுரையின் மேல் ஏறி நிற்கிறது. நம் முன்னோருக்கு 10 அடிக்கு 12 அடி என்று லயக் காம்பரா கட்டினார்கள். குடும்பம் பெருகும் என்பது கட்டியவர்களின் கணக்கில் இல்லை. சமையல், படிப்பு, படுக்கை எல்லாம் அதே நான்கு சுவருக்குள் முட்டிமோத, கடைசியில் இஸ்தோப்பு என்ற முன் திண்ணையை அடைத்து அதையும் அறையாக்கினோம். உள்ளே இருப்பவர்களைக் கேட்காமல் அளவைக் கட்டினால் நடப்பது அதுதான். சுவர் கட்டி முடிந்த வீட்டில் நம்மால் செய்ய முடியாததை இணையப் பக்கத்தில் ஒரு வரியில் செய்யலாம். உயரத்தை எடுத்துவிடுங்கள். குறைந்தது இவ்வளவாவது இருக்க வேண்டும் என்றால் ‘மின்-ஹைட்’ என்று எழுதுங்கள். பெட்டி உள்ளடக்கத்தோடு சேர்ந்து வளரும். சிலர் ‘ஓவர்ஃப்ளோ’வை ‘ஹிடன்’ ஆக்கி, மீறியதை மறைத்துவிடுவார்கள். பக்கம் ஒழுங்காகத் தெரியும். தாத்தா சொன்னதில் பாதி காணாமல் போயிருக்கும். அது போனது வாசிப்பவருக்கே தெரியாது. அந்தக் குறுக்குவழிக்குப் போகாதீர்கள்.

ஐந்தாவது, தமிழுக்கே உரிய சிக்கல். நம் மொழியில் சொற்கள் சேர்ந்து நீளும். ‘தோட்டத்தொழிலாளர்களுக்கிடையிலான’ என்று ஒரே சொல் ஒரு வரியை நிறைக்கும். பிரவுசர் தமிழில் பொதுவாக இடைவெளி வரும் இடத்தில்தான் வரியை மடக்கும். சின்னத் திரையில் அந்தச் சொல் பெட்டியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஃபிளெக்ஸுக்குள் இன்னொன்றும் நடக்கும்: தன்னுள் இருக்கும் மிக நீண்ட சொல்லைவிடக் குறுக மாட்டேன் என்று பெட்டி அடம்பிடிக்கும், பக்கம் முழுவதும் பக்கவாட்டில் இழுபடும். ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ என்பதற்கு ‘எனிவேர்’ என்று கொடுத்தால் இரண்டும் தீரும். தலைப்பில் சொல் எங்கேயாவது உடைந்து அசிங்கமாகத் தெரியுமானால், உடையக்கூடிய இடத்தில் நீங்களே ‘டபிள்யூ.பி.ஆர்.’ டேக்கை வையுங்கள். அதைவிடச் சிறந்தது, பிரித்து எழுதக்கூடிய சொல்லைப் பிரித்தே எழுதுவது.

மும்மொழியில் பக்கம் செய்கிறவர்களுக்கு இங்கே ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடியும் ‘சேவ்’ தமிழில் ‘சேமிக்கவும்’ ஆகும். ஆங்கிலத்துக்கு அளந்து செய்த பொத்தானுக்குள் தமிழைத் திணித்தால் பாதிச் சொல் வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்ட பொத்தான் ஒரு விண்ணப்பப் படிவத்தில் இருந்தால், தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் அந்தச் சேவைக்கு வெளியே நிற்கிறார். பொத்தானுக்கு அகலம் கொடுக்காதீர்கள். இருபுறமும் பேடிங் மட்டும் கொடுங்கள். சொல்லுக்கு ஏற்ற அகலத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். வரி உயரத்தையும் பிக்சலில் இறுக்காமல் 1.6 என்பதுபோல வெறும் எண்ணாகக் கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கினாலும் மேல் வரியின் கீழ்விலங்கும் அடுத்த வரியின் மேல்விலங்கும் உரசாது.

ஆறாவது, போன். நாம் கணினியில் கட்டுகிறோம். நம் ஊரில் வாசிப்பது பெரும்பாலும் போனில். 2007இல் வந்த ஐபோன், கணினிக்கென்று செய்த பக்கங்களைக் காட்டுவதற்காக, தன் திரை 980 பிக்சல் அகலம் என்று பக்கத்துக்குச் சொல்லி, வந்ததைச் சுருக்கிக் காட்டியது. மற்றப் போன்களும் அந்த வழியில் வந்தன. அதனால்தான் உங்கள் பக்கம் போனில் எறும்பெழுத்தாகத் தெரிகிறது. தலைப் பகுதியில் ‘வியூபோர்ட்’ வரியைச் சேர்த்து, அகலம் ‘டிவைஸ்-விட்த்’ என்று எழுதுங்கள். எழுத்து உடனே வாசிக்கும் அளவுக்கு வரும். ஆனால் 360 பிக்சல் அகலமுள்ள போன் திரையில் பட்டியும் கட்டுரையும் அருகருகே நிற்க இடமில்லை அல்லவா? 2010இல் ஈதன் மார்க்கோட் ஒரு கட்டுரையில் காட்டிய வழி அதற்கு இருக்கிறது. ‘மீடியா’ நிபந்தனை எழுதி, திரை 600 பிக்சலுக்கு மேல் இருந்தால் மட்டும் இரண்டு நிரல் என்று சொல்லுங்கள். அதற்குக் கீழே எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக இயல்பாகவே நிற்கும். முதலில் சின்னத் திரைக்குச் செய்துவிட்டுப் பெரியதற்குப் போனால் எழுத வேண்டிய வரிகளும் குறையும்.

கடைசியாக, சரியான வரியை எழுதியும் எதுவும் மாறவில்லை என்ற நிலை. பிள்ளைகள் மனம் உடைந்துபோகும் இடம் இது. இன்ஸ்பெக்டில் உங்கள் வரி குறுக்குக்கோடு போட்டுத் தெரிகிறதா? அப்படியானால் இன்னொரு விதி அதை மீறி நிற்கிறது. அல்லது பிரவுசருக்குப் புரியாத சொல்லை எழுதியிருக்கிறீர்கள். அப்போது அந்த வரிக்கு அருகே மஞ்சள் எச்சரிக்கையும் இருக்கும். வரியே காணவில்லையா? முந்திய வரியில் அரைப்புள்ளி விடுபட்டதா, அடைப்பு மூடப்பட்டதா, கோப்பு இணைக்கப்பட்டதா என்று பாருங்கள். போனில் எழுதி ஒட்டினால் நேர் மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறியிருக்கும். கட்டளை வரிகளில் அது செல்லாது. மூடாமல் விட்ட ஒரு டேக்கினால் நன்றியுரை பட்டிக்குள் போய் நெருங்கிக் கிடக்கும்; உலகளாவிய வலைச் சங்கத்தின் இலவசச் சரிபார்ப்பான் அப்படிப்பட்ட இடத்தை வரி எண்ணோடு சொல்லும். வீட்டுக் கணினியில் தெரிந்த படம் இணையத்தில் ஏற்றியதும் தெரியவில்லையா? கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். விண்டோஸ் வழக்கமாக அதைப் பொருட்படுத்தாது. லினக்ஸ் சேர்வர் பொருட்படுத்தும். எல்லாம் சரியாக இருந்தால் கண்ட்ரோல் விசையோடு எஃப் 5 விசையை அழுத்தி, பழைய பிரதி இல்லாமல் புதிதாகத் திறந்து பாருங்கள்.

தம்பி தங்கைகளே, இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். பார்ப்பது, பெட்டியை அளப்பது, ஒன்றை மட்டும் மாற்றுவது: இந்தப் பழக்கம் வந்துவிட்டால் நான் இன்று சொல்லாத குலைவையும் நீங்களே தீர்ப்பீர்கள். ஒரு வரி எழுதும்போதெல்லாம், இந்த அளவை நான் ஏன் கட்டுகிறேன், கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பக்கம் முடிந்ததும், வீட்டிலேயே மிகப் பழைய, மிகச் சின்னத் திரையுள்ள போனில் திறந்து, உங்களுக்குக் கதை சொன்ன பெரியவரின் கையில் கொடுங்கள். அவர் விரலால் பெரிதாக்காமல், பக்கவாட்டில் இழுக்காமல், கடைசி வரி வரை வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். எங்கே தடைப்படுகிறாரோ அங்கேதான் அடுத்த திருத்தம்.

ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. பரீட்சைக்கான பயிற்சியோடு, ஒவ்வொரு தவணையிலும் ஒவ்வொரு பிள்ளையும் தன் தோட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் முழுமையாகச் செய்து முடிக்க இடம் கொடுங்கள். குலைந்த பக்கத்துக்குப் புள்ளியைக் குறைக்காமல், ஏன் குலைந்தது என்று கண்டுபிடித்த பிள்ளைக்குப் புள்ளி கொடுங்கள். பெற்றோரே, பிள்ளை கணினி முன்னால் நெடுநேரம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் வீண்பொழுது என்று எண்ணிவிடாதீர்கள். இந்த வேலையில் பார்ப்பதுதான் பெரும்பகுதி.